கேக் வரிசை

நைனா,

உயிரோடு இருந்துகொண்டே அக்கா மகள் சந்தியாவை நீங்கள் அனாதையாக்கிவிட்டீர்கள்.

நேற்று மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் இருக்கும் அவள் விடுதிப் பள்ளிக்குப் போனேன். மலையில் மொட்டை போட்டு இறங்கிய ஒரு குடும்பம், மகனின் பிறந்தநாளைக் கொண்டாட வந்திருந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளை மட்டும் வகுப்பிலிருந்து எழுப்பி வரிசையாக நிறுத்தினார்கள். அந்தப் பையன் ஒவ்வொரு வாயிலும் கேக் ஊட்ட, அவன் அப்பா படம் எடுத்தார். சந்தியா சிரிக்கவில்லை. "நவ்வம்மா, நவ்வு" என்று டீச்சர் அவள் கன்னத்தைக் கிள்ளிச் சிரிக்க வைத்தார்.

மற்ற பிள்ளைகள் இவர்களைக் 'கேக்குப் பசங்க' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

"எங்க தாத்தா கீறாருன்னு சொன்னா, புளுகுறேன்னு சிரிக்கிறாங்க மாமா" என்றாள்.

அக்கா யாரைக் கட்டிக்கொண்டாள் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. இரண்டு பேருமே போய்விட்டார்கள். நாயுடுபேட்டை கம்பெனி ரூமில் ஆம்பளைகளோடு படுத்துக்கொள்ளும் நான் இவளை எங்கே வைத்துக்கொள்வேன்? கார்வேட்டிநகரத்து வீட்டில் அக்காவின் அறையை நீங்கள் இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை வாருங்கள். அந்த வகுப்புக்குள் போய், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி 'நான்தான் இவ தாத்தா' என்று சொல்லி, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். வருவீர்களா, மாட்டீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மகன்