குழாய்த் துப்பாக்கிக்குக் கூர்முனை வேண்டாம்

அபுதாபி, வியாழன் காலை

அன்பு மகன் முகிலனுக்கு அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நீயும் மருமகள் ரக்ஷிதாவும் மொன்டானா குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும், இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, எனக்குத்தான் நேற்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஏழு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகமாக ஓடவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து உங்கள் இருவருக்கும் அனுப்புகிறேன், முழுக்கப் படி.

நீ வாங்கிய துப்பாக்கியையும் நீயே மருந்து அடைத்த இருபது தோட்டாக்களையும் படமெடுத்து அனுப்பினாயே, அதை நேற்று டூட்டியில் சுஐபிடம் பெருமையாகக் காட்டினேன். எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் சுடும் இடத்துக்கு அவர்தான் பொறுப்பு, கீழக்கரைக்காரர், எதற்கும் பதறாத ஆள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "சங்கரண்ணே, இந்தத் துப்பாக்கியில சுடுற குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கு, அதுக்குள்ள வரிசையா நிக்கிற தோட்டா இது. பின்னாடி உள்ளதோட கூர், முன்னாடி உள்ளதோட அடியில மருந்தைப் பத்த வைக்கிற பிரைமர்ல முட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு சுட்டா அந்த உதையில இன்னொண்ணு குழாய்க்குள்ளயே வெடிச்சிரும். தம்பிக்கு இதை யாரு சொன்னது?" என்று கேட்டார். உன் இடது கை பிடிக்கும் இடத்தில்தான் அந்தக் குழாய் இருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சொன்னது நான்தான் முகிலா. எந்த முனை நல்லது என்று போன மாதம் நீ கேட்டபோது, என்ன துப்பாக்கி என்றுகூட விசாரிக்காமல், கூர்முனை வாங்கு, நேராகப் போகும் என்றேன். இருபத்திரண்டு வருடம் கிளப் ஸ்டோரில் தோட்டாப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தவன் என்ற திமிர். இங்குள்ள ரைபிள்களில் தோட்டா ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும், கூர் இருந்தால் குற்றமில்லை. உன்னுடைய மாதிரியை நான் கையால் தொட்டதில்லை, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை வேட்டைக்குக் கிளம்புகிறேன் என்றாய், மான் என்று கேட்டதிலிருந்து அம்மா உன்மேல் கோபமாக இருக்கிறாள், இதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அந்த இருபதையும் குழாயில் போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தால் ஆளில்லாத பக்கம் நீட்டி ஒவ்வொன்றாக வெளியே எடு, ரக்ஷிதா பக்கத்தில் நிற்க வேண்டாம். குழாய்க்குத் தட்டை முனைதான், பெட்டியில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. குண்டு மாறினால் மருந்து அளவும் மாறும், கையேட்டைப் பார்த்து அடை, என்னைக் கேட்காதே.

என்ன படிப்பது, எங்கே வேலைக்குப் போவது, யாரைக் கட்டுவது, எதிலாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா? இதில் மட்டும் ஏன்டா கேட்டாய்? அந்தக் கூர்முனைப் பேச்சையும் கேட்காமல் இரு ராஜா.

நாங்கள் கும்பிடும் முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். படித்ததும் ஒரு வரி போடு, அதுவரை போனைக் கீழே வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தப்பாகச் சொன்ன உன் அப்பா,
சிவசங்கரன்