ஏழாம் கிடங்கின் காற்று

நாள் 41. காலை 9.10
பதிவு எழுதுபவர்: சே. நப்பின்னை, எட்டாம் வகுப்பு, நிலவுத் தளம். இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம்.
ஏழாம் கிடங்குக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட், சரக்கு தூக்கும் வண்டி, வாங்க வேண்டும். பேட்டரி வண்டியா, கேஸ் வண்டியா? கிடங்குப் பொறுப்பாளர் என் அப்பா. ஒலிபெருக்கியில், எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பாப்பா அளந்து சொல்லட்டும். அதுதான் முடிவு."

நாள் 43. காலை 11.30
பேட்டரி வண்டி: சார்ஜ் ஏற எட்டு மணி நேரம். புகை இல்லை.
கேஸ் வண்டி: ஐந்து நிமிடத்தில் சிலிண்டர் மாற்றலாம். ஆனால் கிடங்கு இருக்கும் மூடிய குகையில் நம் ஆக்சிஜனையே எரிக்கும். கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை.
பழைய பேட்டரி வண்டியைக் கிடங்கு ஓட்டுநர் பேச்சியக்கா ஓட்ட, பன்னிரண்டு இடங்களில் கார்பன் மோனாக்சைடை அளந்தேன். எல்லாம் பூஜ்யம். அக்கா ரேடியோவில்: "ஏட்டி சயின்டிஸ்ட்டு, எத்தன தடவ மீட்டர நீட்டுவ? குளிச்சிட்டுதாம்ட்டி வந்திருக்கேன்!"
பரிந்துரை: பேட்டரி வண்டி. இனிஷியலோடு கையெழுத்திட்டேன்.

நாள் 58. மதியம் 1.15
சரக்குக் கலம் வந்துவிட்டது. அதில் முதலில் இறங்கியது கேஸ் வண்டி. காலையிலிருந்து ஓடுகிறது. அப்பா ரேடியோவில்: "கலம் இருபது மணி நேரந்தான் நிக்கும்மா. சார்ஜுக்குக் காத்திருக்க முடியுமா?"
தலைமையகத்துக்குப் போன அறிக்கையைக் கணினியில் தேடினேன். தலைப்பு: கேஸ் வண்டி. கீழே என் பன்னிரண்டு பூஜ்யங்கள். அதற்கும் கீழே என் கையெழுத்து.
நான் அப்படி எழுதவே இல்லை.

மதியம் 2.50
பள்ளி அறைத் திரையில் கிடங்கு மீட்டர்: கார்பன் மோனாக்சைடு 740. நூறு தாண்டினாலே ஆபத்து. அபாய மணி அடிக்கவில்லை. தூசிக்கே கத்துகிறது என்று சரக்கிறக்கும்போது அதை அணைத்துவைப்பது இங்கே வழக்கம்.
அழைத்தேன். "அக்கா, வெளிய வாங்க! காத்துல விஷம்!"
"லேசா தலவலிதாம்ட்டி. நீ எழுதுனதத்தான் வண்டியில ஒட்டியிருக்கே, எல்லாம் பூஜ்யம்னு. மூலைமூலையா அளந்த புள்ள பொய்யா எழுதுவ?"
"அது பேட்டரி வண்டிக்கு எடுத்ததுக்கா!"
கட்டுப்பாட்டு அறையிலிருந்து அப்பா: "பேச்சி, சின்னப் புள்ள பயப்படுது. நீ வேலையப் பாரு."
என் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மதியம் 3.25
1800. கிடங்கு வாசலுக்கு ஓடினேன். கதவு அப்பாவின் சாவிக்கு மட்டுமே திறக்கும். என் கை வீங்கும்வரை தட்டினேன். உள்ளே இன்ஜின் ஓடுகிறது. வண்டி நகரும் சத்தம் இல்லை.

மதியம் 3.50
பள்ளி அறைக்குத் திரும்பிவிட்டேன். அப்பா, எனக்கு மட்டும் கேட்கும் அலைவரிசையில்: "பாப்பா, பேச்சி எந்திரிக்க மாட்டேங்கிறா. நீ முதல்ல எழுதுனது இன்னும் வச்சிருக்கியா? அழிச்சிரும்மா. அப்பாவுக்காக."
வைத்திருக்கிறேன். இதோ, கண்டெடுப்பவருக்கு.
பரிந்துரை: பேட்டரி வண்டி. ஓட்டியவர்: பேச்சியம்மாள். இடம் ஒன்று, பூஜ்யம். இடம் இரண்டு, பூஜ்யம். இடம் மூன்று,
சாவிச் சத்தம். இந்த அறைக்கும் அப்பாவின் சாவி