டெலாலியின் துண்டுத்துணிப் பை

பாலிமே,
28 ஆகஸ்ட் 1988

அன்புள்ள டெலாலிக்கு,

இங்கே நான் நலம். நீ உன் அம்மா பொரிக்கிற மீனைத் தின்று நன்றாகச் சதை போட்டிருப்பாய். நான் கிண்டும் களி ஒருநாள் கஞ்சியாகிறது, மறுநாள் செங்கல்லாகிறது. இரண்டையும் தின்று உயிரோடுதான் இருக்கிறேன்.

ஈஸ்டருக்குப் போனவள், மழைக்காலமே முடிந்தும் வரவில்லை. என்ன கோபம் என்றும் சொல்லவில்லை. சரி, வெறும் கடிதம் போனால் நீ பிரிக்கவே மாட்டாய் என்று ஒரு பை தைத்து அனுப்புகிறேன். பேன்ட்டும் பள்ளிக்கூடக் காக்கியும் தைப்பவனிடம் பூத்துணி ஏது? பக்கத்துக் கடை அஃபி அக்கா பெண்களுக்குத் தைத்ததில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, நிறத்துக்கு நிறம் பொருத்திச் சேர்த்தேன். வாரை நீட்டினால் தோளில் மாட்டலாம், குறுக்கினால் கையில் பிடிக்கலாம், இரட்டையாக இழுத்தால் முதுகில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே தையலெல்லாம் மறைத்து லைனிங் கொடுத்திருப்பதால் திருப்பிப் போட்டாலும் அது ஒரு பைதான்.

அஃபி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்குடா?" என்றாள். உனக்கு என்றேன். "நல்லா படிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பையில் படிக்க என்ன இருக்கிறது?

உன் வரவை எதிர்பார்க்கும்,
கொம்லா


அனேஹோ,
3 செப்டம்பர்

அன்புள்ள கணவருக்கு,

பை வந்தது. பஸ் டிரைவர் அதைச் சந்தை நடுவில் தூக்கிக் காட்டி, "பாலிமேலேருந்து உங்க வீட்டுக்காரர் அனுப்பியிருக்காரு," என்று ஊருக்கே அறிவித்தார். துணி விற்கிற பெண்கள் எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு அச்சுத்துணிக்கும் ஒரு பெயர் உண்டு என்பது இங்கே பால் குடிக்கிற பெண் குழந்தைக்கும் தெரியும். என்ன துணி கட்டுகிறோமோ அதுதான் எங்கள் பேச்சு. உங்களுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். திறந்த கூண்டிலிருந்து பறக்கிற நீலக் குருவிகளை முதலில் வைத்திருக்கிறீர்களே, அதன் பெயர் 'நீ வெளியே போனால் நானும் போவேன்'. பக்கத்தில் சிவப்பாகக் கண் கண்ணாக இருப்பது 'சக்களத்தியின் கண்'. வாருக்குப் போட்ட மஞ்சள் கட்டம் 'தேடி வரமாட்டேன்'.

பெண்கள் கூட்டமாக நின்று உரக்கப் படித்தார்கள். மீன்காரி ஒருத்தி, "அடியே, வக்கீல் நோட்டீஸ்கூட இவ்வளவு தெளிவா இருக்காதுடி," என்றாள். அம்மா அன்று சாப்பிடவேயில்லை.

என்ன கோபம் என்று கேட்கிறீர்கள். ஈஸ்டருக்குச் சட்டை தைக்கத் துணி கொடுத்தேன். அது உங்கள் மேசைக்கு அடியிலேயே கிடந்தது. வாத்தியார் வந்தார், போலீஸ்காரர் வந்தார், கடைசியில் ஆட்டு வியாபாரியின் பேன்ட்கூட என் சட்டைக்கு முன்னால் போனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். பழைய சட்டையோடு கோயிலுக்குப் போனேன், அங்கிருந்தே பஸ் ஏறினேன். ஒரு சட்டைக்காகவா என்று நினைக்காதீர்கள். உங்கள் வரிசையில் எனக்கு இடமே இல்லை. அதற்காகத்தான்.

இப்போது நேராகவே கேட்கிறேன், யார் அந்தச் சக்களத்தி?

டெலாலி


பாலிமே,
7 செப்டம்பர்

என் டெலாலிக்கு,

அப்படி ஒருத்தியும் இல்லை. இந்தக் கடையில் என்னோடு இருப்பது மெஷின் ஒன்றுதான், அதற்கும் என்னைவிட வயது அதிகம். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அஃபி அக்காவிடம் ஓடினேன். வாயில் குண்டூசி வைத்திருந்தவள் அதைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "தெரிஞ்சும் ஏன் சொல்லலே?" என்று கத்தினேன். "உன் பெண்டாட்டி அஞ்சு மாசமா வாயைத் திறக்கலே. இதைப் பார்த்தா திறப்பான்னு நினைச்சேன், திறந்துட்டா பாரு," என்கிறாள். பையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறாள். லைனிங்குக்கு என்ன பெயர் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

நீ கிளம்பி வந்துவிடு. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, காக்கி கூரைவரை குவிந்திருக்கிறது. என்னால் அசைய முடியவில்லை.

வெட்கத்துடன்,
கொம்லா


அனேஹோ,
12 செப்டம்பர்

அன்புள்ளவருக்கு,

திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருப்பது 'என் கணவர் கெட்டிக்காரர்'. அதைப் போய் ஒளித்து வைத்து, சண்டைத் துணியை வெளியே வைத்த கெட்டிக்காரர் இந்த நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான்.

உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். "நேத்து நோட்டீஸு, இன்னைக்குப் பாராட்டா?" என்று மீன்காரி கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இப்போது அவளுக்கும் ஒன்று வேண்டுமாம், புருஷனிடம் கோபம் வந்தால் ஒரு பக்கம், ஆறினால் மறுபக்கம். துணிக்காரிகளும் அப்படியே கேட்கிறார்கள். வீட்டிலிருந்து துண்டுகளைக் கொண்டுவந்து, எதை எதற்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கு உறைக்கும் என்று என் வாசலில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். அம்மாவுக்கும் பசி திரும்பிவிட்டது.

ஆனால் ஒன்று. பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வார் மட்டும் மாறவில்லை. அது இரண்டு பக்கமும் 'தேடி வரமாட்டேன்' என்றுதான் சொல்கிறது. உங்கள் கடிதமும் அதையே சொல்கிறது. கோபித்துப் போனவளைப் புருஷன் வந்து அழைத்துப் போவதுதான் எங்கும் வழக்கம். நீங்கள் காக்கியைச் சொல்லி என்னை வரச்சொல்கிறீர்கள். நான் வரப்போவதில்லை. இதை எழுதும்போது அழுகை வருகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

டெலாலி


பாலிமே,
15 செப்டம்பர்

என் டெலாலிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தபோதுதான் தலைமையாசிரியர் வந்தார். "காக்கி எப்ப கிடைக்கும்?" என்றார். "என் பெண்டாட்டி எப்ப விடுறாளோ அப்ப," என்றேன். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பார். வெட்டின காக்கியை அஃபி அக்காவும் சந்தைத் தையல்காரர்களும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். "இப்பதான்டா நீ அந்தப் பையைப் படிச்சிருக்கே," என்றாள் அஃபி அக்கா.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், கூரையில் மெஷினும் வரும். திரும்பி வருவதா, அங்கேயே கடை போடுவதா என்பதை நீ சொல். உன் அம்மா திட்டினால் வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் சட்டையை வெட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்று நேற்று நீ கொடுத்த துணியை விரித்தேன். கத்தரியை எடுத்த பிறகுதான் உன் அளவு எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. இந்த ஊரில் எல்லார் இடுப்பும் எனக்கு மனப்பாடம், உன்னை மட்டும் ஒருநாளும் அளந்ததில்லை. எழுதி அனுப்பாதே. நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், நிதானமாக எடுப்பேன். மீன்காரியும் மற்றவர்களும் காத்திருக்கட்டும். இங்கே உனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை, கடையைப் பூட்டியாயிற்று.

உன்,
கொம்லா