முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவருக்கும் உடம்பு நலம், அம்மாவுக்கும் இப்போது நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குறையின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. புதுக் காரை முதலில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமா, அதெல்லாம் பழைய கதையா என்று போனில் கேட்டாய். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் கேள்வி பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்டது. அவள் கையில் கத்தி அப்படியே நின்றது. அது ஏன் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் முழுமையாகும்.

முதலில் விடை: ஆம், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். இப்போது பாகங்களை மிக நுணுக்கமாகக் கடைகிறார்கள் என்பது உண்மை. முன்பு போல் அத்தனை தூரம் பொறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் உரசி உரசி ஒத்துப்போகக் கொஞ்ச தூரம் வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முழு வேகம் கூடாது, இன்ஜினை அலறவிடக் கூடாது, நெடுநேரம் ஒரே வேகத்தில் போகவும் கூடாது. இது எங்கள் புது வண்டியின் கையேடு சொல்வது, பக்கம் இருபத்தேழு. உன் வண்டிக்கு உன் கையேட்டைப் பார், விற்பவன் வாயைப் பார்க்காதே. எங்களுக்கு விற்றவன், "அதெல்லாம் அந்தக் காலம் சார், எடுத்த நாள்லேருந்தே பறக்கலாம்" என்றான். பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "இதையெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க" என்று பல்லைக் காட்டினான். தான் விற்கும் பொருளின் கையேட்டைப் படிக்காதவன், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பிறருக்கு அறிவுரை சொல்கிறான்! அருவருப்பாக இருந்தது. கூட வந்த உன் மாமாவும் அவனோடு சேர்ந்து சிரித்து, "அத்தான், வாங்கினது காரா, கைக்குழந்தையா?" என்று கேட்டான். அன்றே சிவப்புப் பேனாவும் அளவுகோலும் எடுத்து அந்தப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன்.

மீட்டர் நானூற்றுப் பன்னிரண்டைக் காட்டிய ஞாயிறு மதியம், அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரகக் கல் என்பது பின்னால்தான் தெரிந்தது. உன் மாமா அவளைத் தாங்கிப் பின்னிருக்கையில் உட்கார, நான் மருத்துவமனைக்கு ஓட்டினேன். நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நானோ கையேடு சொன்னபடி ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே வேகத்தை மாற்றி மாற்றிப் போனேன். "கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்" என்றாள் அம்மா. நான் சொன்ன மறுமொழியை எழுதவே கை கூசுகிறது: "ஆயிரம் ஆக இன்னும் ஐந்நூத்தி எண்பத்தெட்டு இருக்கு." உன் மாமா அப்போது சிரிக்கவில்லை. "வண்டிய ஓரங்கட்டுங்க அத்தான்" என்றான். இடம் மாறினோம். அவன் விரட்டினான். அவள் தலை என் மடியில் இருந்தது. என் காது இன்ஜினில் இருந்தது. மருந்திலேயே கல் இறங்கிவிட்டது. மறுநாள் கட்டிலில் கண் திறந்ததும் அவள் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" அதற்குப் பிறகு சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க என்பதைத் தவிர என்னோடு பேச்சில்லை. பதினோரு நாள் ஆகிறது.

இதற்குப் பிறகும் நான் செய்ததைக் கேள். வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உன் மாமாமீது குற்றப்பத்திரிகை வாசித்தேன். அவர் ஆயிலைப் பார்த்தார், ஓடவிட்டுக் கேட்டார். "ஒரு தடவை விரட்டினதுக்கு ஒண்ணும் ஆகாது சார், தினமும் விரட்டாதீங்க, அவ்வளவுதான்" என்றார். நான் கையேட்டை நீட்டினேன். கிரீஸ் விரலை வைத்து அவர் உரக்கப் படித்தார்: "இயன்றவரை தவிர்க்கவும்." என் சிவப்புக் கோடு 'தவிர்க்கவும்' என்பதில் தொடங்கியிருந்தது. ஒப்பந்தங்களில் பிறர் விட்ட சொற்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்காக இருபத்தாறு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். படிக்காத அந்த விற்பனையாளனைவிட, அரைகுறையாகப் படித்துவிட்டு வலியில் துடித்தவளுக்குக் கணக்குச் சொன்ன என்னைக் கண்டுதான் எனக்கு அருவருப்பு அதிகம். அந்தச் சொல் அங்கே இல்லாமலே இருந்தாலும் என்ன? அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா?

அவளிடம் மூன்று முறை வருத்தம் தெரிவித்தேன். மூன்றிலும் 'ஆனால்' என்று ஒரு சொல் நுழைந்தது. அது வந்ததும் "சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல மனத்தோடும் வாழ என் ஆசிகள். வண்டியை மெதுவாகப் பழக்கு. பக்கத்தில் இருப்பவர் வலிக்கிறது என்றால் மீட்டரைப் பார்க்காதே. இதை உறையிலிட்டு ஒட்டியதும் அடுக்களைக்குப் போகிறேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, அவள் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காமல் நிற்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா