பச்சையம்மாவின் முட்டுக்கல்

ஜமுனாமரத்தூர்
ஆடி 12

அன்பு மகள் தமிழரசிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் அப்படியே நம்பிவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சுகத்துக்குக் காளியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் பதில் சொல்வதில்லை, நீயும் மாசத்துக்கு ஒருமுறைதான் பேசுகிறாய். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் கவலைப்படாதம்மா என்று சொல்லிவிடுகிறாய், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. பேப்பர் குறுக்கே பேசாது. இங்கே பத்து நாளாக விடாத தூறல், சாமை விதைத்த கொல்லையில் களை மண்டிக் கிடக்கிறது, ஒற்றை ஆளாய் இறங்க மனம் வரவில்லை. உன் அப்பா போய் நாலு வருஷம் ஆகியும் இரண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன். மீதியை நாய் தின்கிறது, இந்த வீட்டில் அது ஒன்றுதான் கொழுத்திருக்கிறது.

சந்தைத் தெருவைக் கூட்டும் எங்களுக்குப் புதுக் குப்பைத் தொட்டி வந்ததை உனக்குச் சொன்னேன் அல்லவா. நாலு சக்கரம், பச்சை நிறம், என் நெஞ்சு உயரம், இரண்டு சக்கரத்தில் காலால் அமுக்கும் பிரேக். பச்சையம்மா பெரியம்மாவும் நானும் சேர்ந்து தள்ளுவோம். அவளுக்கு அந்தப் பிரேக்கின் மேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. மலையில் வளர்ந்தவளுக்குச் சக்கரம் என்றால் முட்டுக்கல் வேண்டும். வண்டியோ ஆட்டோவோ சரிவில் நின்றால் சக்கரத்தடியில் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத்தானே இங்கே எல்லோரும் அடுத்த வேலை பார்ப்போம். அவளும் ஓடையில் ஒரு கல்லைப் பொறுக்கிவந்து தொட்டியின் கைப்பிடியில் சாக்குக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மேஸ்திரி பிரகாஷ் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். அவன் சிரித்ததற்காக அவள் கல்லை அவிழ்க்கவில்லை, நான் சொல்லித்தான் அவிழ்த்தாள்.

பொங்கல் லீவில் வந்தபோது உன் வேலையைப் பற்றி எனக்கு விளக்கினாய், நினைவிருக்கிறதா? முறத்தைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் தீப்பெட்டியை வைத்து, இப்படித்தாம்மா தொட்டியைச் சரிவில் நிறுத்தி, உள்ளே மணல் மூட்டை போட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்போம் என்றாய். உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பதையும், சக்கரத்தைப் படிக்கட்டு விளிம்பில் இடிக்கவிட்டுப் பார்ப்பதையும் சொன்னாய். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் பெருமை முழுசாக வந்துவிட்டது. இந்தத் தொட்டி வந்து சில நாள் கழித்து மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். அதில் ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரிந்தது, புனே. உன் விலாசத்தை எழுதி எழுதிப் பழகிய கை அல்லவா, அந்த எழுத்தைப் பார்த்ததும் உன் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பச்சையம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்தக் கல்ல தூக்கிப் போடுக்கா, இது என் பொண்ணு கை பட்டு வந்திருக்குது" என்றேன். அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள், படிக்கத் தெரியாது. "உன் பொண்ணு பாத்ததுன்னா சரிதான்" என்று கயிற்றை அவிழ்த்துக் கல்லை ஓரமாகப் போட்டாள்.

போன மாசக் கடைசியில் சந்தைக்கு மறுநாள் காலை, பலாத் தோலும் சக்கையும் மழையில் ஊறித் தொட்டி நிறைந்து மூடி மூடவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே இருக்கும் சரிவில் நிறுத்தினோம். அவள் காலை வைத்துப் பிரேக்கை அமுக்கினாள், நான் பார்த்தேன், டக் என்று சத்தமும் கேட்டது. கீழே சிதறியிருந்த சக்கையை வார அவள் தொட்டிக்கு முன்னால் இறங்கிப் போனாள். நான் துடைப்பத்தை எடுக்கத் திரும்பினேன். தொட்டி அவசரமே இல்லாமல் நகர்ந்ததடி. நான் கத்துவதற்குள் அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்து, திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்து, போன வாரம்தான் வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் இதை மறைத்தேன். நீ போன் செய்தபோதும் பெரியம்மா நல்லாருக்கா என்று சொன்னேன்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். எங்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரர் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தார். பச்சையம்மா பிரேக்கை அமுக்காமல் விட்டாள் என்று அதில் எழுதியிருந்தது, கூட இருந்தவள் நான் என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் தப்பு அவளுடையது, வேலையும் போகும். இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? அவள் அமுக்கினாள் என்றால் பிரேக் பிடிக்கவில்லை என்று ஆகும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சீட்டில் இருக்கிற புனே யார் என்று கேட்பார்கள். உனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளைத் தெருவில் விடப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.

நான் யோசிக்கிறேன் என்று சொன்னது அன்று சாயங்காலமே அவள் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் படுத்தபடியே, "நீ பாத்த இல்ல ரஞ்சிதம், அதுல யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது" என்று கேட்டாள். சண்டையே போடவில்லை. மருமகளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். கஞ்சியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். பதினோரு வருஷமாக ஒன்றாக வேலைக்குப் போய் ஒன்றாகத் திரும்பினோம். இப்போது நான் பேசினால் கேட்க நாய்தான் இருக்கிறது. தனிமை தனிமை என்று நீ போன வருஷம் அழுதாயே, எல்லாம் பழகிவிடும் என்று சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

முந்தாநாள் குத்தகைக்காரரின் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு தாளில் நானே எழுதினேன். பச்சையம்மா பிரேக்கை அமுக்கினாள், நான் கண்ணால் பார்த்தேன், சத்தமும் கேட்டேன், தொட்டி நிற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரகாஷ்கூட சிரிக்கவில்லை. பச்சையம்மாவுக்குப் பதிலாகப் புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்துக் கொடுத்து, இதை வைக்காமல் சரிவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சீட்டைப் பார்த்து அப்படியே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. அது உங்கள் இடத்தில் பார்த்ததா, பார்த்திருந்தால் எவ்வளவு பாரம் வைத்து எவ்வளவு சரிவில் நிறுத்தினீர்கள், மழையில் ஊறிய பலாச் சக்கையின் பாரம் அந்தக் கணக்கில் வந்ததா என்று எழுது. உன் கை பட்டதாகவே இருந்தாலும் மறைக்காதே, உன்மேல் எனக்கு ஒரு குறையும் வராது. உங்கள் மணல் மூட்டைக்கு நம் மலைச் சரிவு தெரியாமல் போயிருக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நீயே சமைத்தாலும் பரவாயில்லை, சாப்பிடு. வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே, சாமை அரிசி பார்சல் அனுப்புகிறேன். நல்ல பெயரோடும் நல்ல துணையோடும் நீ நெடுநாள் வாழ வேண்டும், காளியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதிலை என் பெயருக்குப் போடாதே. உறையின் மேல் பச்சையம்மா என்று எழுது, அவள் வீட்டு விலாசம் போடு. அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது, படித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ரஞ்சிதம்