அழுது வாங்குற படிப்பு வேண்டாம்

ஜூன் 4

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மின்பணிப் படிப்பு, மாலை வகுப்பு, ஒரு வருடம். முப்பத்தேழு வயதில் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன்! ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி மெஷினில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. விஷயத்தைச் சொன்னதும் படுக்கை விரிப்பை அப்படியே போட்டுவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். "கரண்ட்டுல கை வைக்கப் போறியா? உனக்கு ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்தி."

அப்புறம் கட்டணத்தைப் பார்த்தேன். சந்தோஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 5

ஏன் மின்பணி என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிடித்திருக்கிறது. ஆண்பிள்ளை இப்படிச் சொன்னால் போதுமாம். நான் சொன்னால் போதாதாம்.

ஜூன் 9

கட்டண உதவிப் பிரிவு கல்லூரி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். நல்ல மாதிரிதான். என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கிடைக்கணும். வீட்டுக்காரர் வருமானச் சான்று எங்க?" என்றார்.

"அவரோட இல்லைங்க. நாலு வருஷமாச்சு. அண்ணன் வீட்டுல இருக்கேன்."

"விவாகரத்து ஆயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப எங்க கணக்குல ஒரே குடும்பம்தான்மா. அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்களேன்."

ஒரு கையெழுத்து! பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டு வாங்குவது போலச் சொல்கிறார். அந்த ஆள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா நான் வெளியே வந்தேன்?

"வேற வழி என்ன?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். பின்னால் வரிசை நீண்டது. நீளட்டும். கடைசியில் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வழி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல் பிரிந்து இருக்கிறேன் என்று கூட வசிக்கும் உறவினர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு குழு நேரில் கூப்பிட்டுப் பார்க்கும்.

கூட வசிக்கும் உறவினர். அண்ணன்தான்.

ஜூன் 10

முடியாது என்றுவிட்டான். "வாயால சொல்றது வேற, எழுதிக் குடுக்கறது வேற. என் தங்கச்சி வாழ்க்கை முடிஞ்சு போச்சுன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

"முடிஞ்சது கல்யாணம்தான்ணா. வாழ்க்கை இல்ல."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். தையல் படிப்பு என்றால் அவனே பணம் கட்டுவானாம். வீட்டுக்குள்ளேயே இருந்து தைக்கலாமாம்.

கெட்டவன் இல்லை. பெட்டியோடு நான் வந்து நின்ற அன்று ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தவன். அதனால்தான் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வருகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஜூன் 12

தையல் வேண்டாம். வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஜூன் 16

வேலை முடிந்து வெளியே வருகிறேன், சலவைக்கூட வாசலில் அவன். என்னைக் கட்டியவன். நாலு வருடத்துக்குப் பிறகு.

"மச்சான் சொன்னாரு. கையெழுத்துதானே, போடறேன். ஃபீஸையும் நானே கட்டறேன். வீட்டுக்கு வா."

அதே சிரிப்பு. கை என் மணிக்கட்டுக்கு வந்தது. உடம்பு தானாகப் பின்னால் போனது. இந்த உடம்பு இன்னும் பயப்படுகிறதே, சே! ஆனால் வாய் பயப்படவில்லை.

"தொடாத. உன் கையெழுத்தும் வேண்டாம், காசும் வேண்டாம். கெளம்பு."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக 'நீங்க' வரவில்லை.

"படிச்சுக் கிழிக்கப் போறியா?"

"ஆமா. கிழிக்கத்தான் போறேன்."

ரேடியோ அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவில் நிறுத்தினாள். "தள்ளுங்க சார், நோயாளிங்க துணி. ஒட்டிக்கிச்சுன்னா எங்களைக் கேக்கக் கூடாது." துள்ளி நகர்ந்தான். போயே போய்விட்டான்.

பிறகு கழிப்பறைக்குள் போய் நடுங்கினேன். மறைக்க என்ன இருக்கிறது, நடுங்கினேன்தான். ஆனால் அவன் பார்க்கும்படி இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டேன். "நான் வேலை செய்யற இடத்தை அவனுக்கு ஏன் சொன்ன?"

"ஒத்துப் போயிடுவீங்கன்னு..." என்று இழுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 17

அண்ணி மொட்டை மாடிக்கு வந்தார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கூட வசிக்கிற உறவினர்னா நானும்தானே?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அண்ணன் கோவிச்சுக்குவான் அண்ணி."

"கோவிச்சுக்கட்டும். நீ வந்தப்போ உன் முதுகுக்கு மருந்து போட்டது நானா, அவரா?"

எழுதினார். குண்டு குண்டான எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. எழுதியதை ஒளித்து வைக்கவும் இல்லை. நேரே கூடத்துக்குப் போய் அண்ணன் முன்னால் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினார், முதுகு உட்பட. அண்ணன் டிவியை அணைத்தான்.

இத்தனை வருடம் இந்த அண்ணியை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேனே!

ஜூன் 26

நாளை குழு. ரேடியோவின் யோசனை: "போனதும் ஓன்னு அழுதுடு. நிமிஷத்துல கிடைக்கும். அழுகை வரலைன்னா சொல்லு, வெங்காயம் தரேன்."

ஜூன் 27

நீள மேசை. மூன்று பேர். நடுவில் துணை முதல்வர். "உங்க கஷ்டத்தைக் கொஞ்சம் விவரமா சொல்லுங்க" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் 'அடப் பாவமே' என்றிருப்பார்கள், வேலையும் முடிந்திருக்கும். ஆனால் ஏன் சொல்ல வேண்டும்? வெளியே வரிசையில் எனக்கு அடுத்து நிற்கும் பையனிடம் இதைக் கேட்பார்களா?

"கஷ்டம் அந்தத் தாள்ல இருக்குங்க சார், என் அண்ணி எழுதியிருக்காங்க. அதை நான் திரும்ப நடிச்சுக் காட்ட மாட்டேன். அடுத்த தாள்ல என் மார்க் இருக்கு. அதைப் பத்திக் கேளுங்க."

ஓரத்தில் காக்கிச் சட்டையோடு இருந்த பயிற்சியாளர்தான் பேசினார். "கரண்ட்னா பயமில்லையா?"

"இருக்கு. அதான் கத்துக்கிட்டுத் தொடலாம்னு வர்றேன்."

துணை முதல்வர், "உதவி கேட்டு வந்திருக்கீங்க, கொஞ்சம் பணிவா பேசலாமே" என்றார்.

"பத்து வருஷம் பணிவா இருந்து பார்த்துட்டேன் சார்."

வாயை மூடுவதற்குள் வெளியே வந்துவிட்டது.

ஜூன் 28

"கெடுத்துட்டியே!" — ரேடியோ. கெடுத்துவிட்டேனா? கெட்டால் கெடட்டும். அடுத்த வருடமும் கல்லூரி அங்கேதானே இருக்கும்.

ஜூலை 8

முக்கால் பங்கு தள்ளுபடி!! கால் பங்கை நான் தவணையில் கட்ட வேண்டும். கண்ணாடி அம்மாள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மூணுல ரெண்டு பேர் உங்க பக்கம்."

"அந்தக் கால் பங்குக்கு மறுபடி மனு போடலாமா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "போடலாம்."

போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 9

அண்ணி விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணன், "சரி" என்றான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6

வகுப்பு தொடங்கி மூன்றாம் நாள். இன்று சுவிட்ச் பலகை. திருகாணி கை நழுவி இரண்டு தடவை மேசைக்கு அடியில் போய்விட்டது. இருபது வயசுப் பசங்களோடு நானும் தவழ்ந்து தேடினேன். எல்லோரும் அக்கா என்கிறார்கள்.

வெளியே வந்தால் கேட்டில் அண்ணன், ஸ்கூட்டரோடு. "அவன் இந்தப் பக்கம் வந்துட்டா... அதான்" என்றான். "ஏறு."

"நாளைக்கு வாண்ணா. இன்னிக்கு இவங்களோட பஸ்ல வர்றேன்."

முறைப்பான் என்று நினைத்தேன். முறைக்கவில்லை, போகவும் இல்லை. பஸ் வரும்வரை அங்கேயே நின்றான். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது, வெளியே வந்த பயிற்சியாளரிடம் போய் நின்றிருந்தான். என்னைக் கையால் காட்டி ஏதோ சொன்னான். பஸ் கிளம்பும் சத்தத்தில் ஒரு துண்டுதான் காதில் விழுந்தது.

"அவளோட அண்ணன்ங்க நான்."