பறந்தால் ஒரு மணி இருபது நிமிடம்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி கோபத்தோடு எழுதிக்கொள்வது. பிள்ளைகள் இருவரும் நலம். எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு. போனில் பேசினால் பாதியில் கட் ஆகி, கத்தியதெல்லாம் வீணாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் நான், வந்து தூங்குவதற்கு ஒரு லீவா, வரவே வேண்டாம் என்று கத்தியதும், "சரி, அடுத்த மாச லீவை ரத்து பண்ணிடறேன்" என்று வைத்துவிட்டீர்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வாயில்லையா?

மறுநாள் சின்னவள் பள்ளிக்கூடப் பாடத்துக்காக, நம் ஊர் விமான நிலையத்துக்கும் நீங்கள் ஓடுபாதை விளக்கு பார்க்கும் அந்த விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினாள். தூரம் 640 கிலோமீட்டர், விமான நேரம் 1.20 என்று வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் ஒன்று இருபதுக்கு விமானம் இருக்கிறது, இந்த மனுஷன் அடிக்கடி வர வழியில்லை என்று மூன்று வருஷமாகக் காது குத்துகிறாரே!

நேரில் வந்து நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்தேன். ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பையோடு பன்னிரண்டு மணிக்கே போய் நின்றேன். கவுண்ட்டரில் இருந்த கண்ணாடிக்காரர், "அது கிளம்புற நேரம் இல்லம்மா, பறந்தா ஆகுற நேரம்" என்றார். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அப்படியானால் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடலாமே என்று சத்தம் போட்டேன். "பறந்தான்னுதானே சொன்னேன்? நேரா எதுவும் பறக்கிறதில்லையே" என்றார்.

ஒரு சீட்டின் பின்பக்கம் வழியை எழுதிக் காட்டினார். அந்த மலையூருக்கு ரயிலும் இல்லை, சாலையும் இல்லை, மூன்று விமானம் மாற வேண்டுமாம். கடைசிக் குட்டி விமானம் செவ்வாயும் வெள்ளியும்தான். மூடுபனி என்றால் அதுவும் இல்லை. போக மூன்று நாள், வர மூன்று நாள். இல்லாத விமானத்துக்கு நிமிடக் கணக்கு போட்டவன் என் கையில் கிடைக்கட்டும்!

அவனைவிடக் கோபம் உங்கள் மேல்தான். "ஓடுபாதை லைட் பாக்குறவர் வீட்டம்மாவா? போன தடவை வந்து இறங்கி இந்த பெஞ்சுலயே தூங்கிட்டார். நான்தான் எழுப்பி வண்டி ஏத்தி விட்டேன்" என்றார் அந்தக் கண்ணாடிக்காரர். ஊரில் எவரோ ஒருவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை! அப்படியானால் உங்களுக்கு லீவு பத்து நாள். ஆறு நாள் வழியிலேயே போகிறது. என்னிடம், நாலு நாள்தான் கொடுத்தார்கள், வழி கொஞ்சம் சுத்து என்றீர்கள். கொஞ்சமா? அந்த நாலில் இரண்டு நாள் நீங்கள் தூங்கினீர்கள். நான் பாத்திரங்களை டமால் டமால் என்று போட்டேன். வீடு என்ன லாட்ஜா என்று கேட்டேன். அப்போதும் பெஞ்சைப் பற்றி மூச்சு விட்டீர்களா? என்னை இப்படிக் கொடுமைக்காரியாக்கி வைத்திருக்கிறீர்களே, நன்றாக இருக்கிறதா?

இந்தக் கடிதமும் அதே மூன்று விமானம் மாறித்தான் வருமாம். அதற்குள் லீவை ரத்து செய்திருந்தால், மறுபடி எழுதிக் கொடுங்கள்.

சின்னவள் சத்தமில்லாமல் நடந்து பழகுகிறாள். பெரியவன் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறான். வந்து தூங்குங்கள். நாலு நாளும் தூங்குங்கள். யாரும் எழுப்பாமல் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி